பூதத்துக்குப் பேரு என்ன?

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. 'பட்டணத்தில் பூதம்' படத்துல பூதமா வந்தவர் பேரு என்ன?

ஜெய்சங்கர், கே.ஆர்.விஜயா, நாகேஷ்... இவங்களை எல்லாம் டக்குனு சொல்லிடுவீங்க. பூதத்தோட பேரு ஜீ பூம்பா. அதுவும் தெரியும். சின்ன வயசுல துண்டைக் கட்டிக்கிட்டு 'ஜீ பூம்பா'ன்னு கத்தாத பையன் எங்க தெருவுல கிடையாது. ஆனா அந்த வேஷத்துக்குள்ள இருந்த ஆள் யாரு? இந்தக் கேள்வியை நான் போன மாசம் அஞ்சாறு பேர்கிட்ட கேட்டுப் பார்த்தேன். ரெண்டு பேர் யோசிச்சாங்க. ஒருத்தர் 'அசோகனா?'ன்னார். மத்தவங்க 'யாரோ பழைய நடிகர்'னு முடிச்சிட்டாங்க.

அந்த 'யாரோ பழைய நடிகர்' ஜாவர் சீதாராமன். 1967-ல வந்த அந்தப் படத்துல பூதமா நடிச்சவர் மட்டுமில்ல, அதை எழுதினவரும் அவரே. இன்னும் கேளுங்க. சிவாஜியோட 'அந்த நாள்', கமலஹாசன் முதல்முதலா முகம் காட்டின 'களத்தூர் கண்ணம்மா', 'ஆலயமணி', 'குழந்தையும் தெய்வமும்', 'ராமு', 'உயர்ந்த மனிதன்'. இதுல எல்லாம் அவர் பேனா இருக்கு. அதோட நிக்கல. குமுதத்துல தொடர்கதை எழுதி, வாரா வாரம் வீட்டுக்கு வீடு சண்டை மூட்டிவிட்ட நாவலாசிரியர். 'உடல் பொருள் ஆனந்தி', 'மின்னல் மழை மோகினி', 'பணம் பெண் பாசம்', 'நானே நான்', 'காசளவில் ஓர் உலகம்'.

இவ்வளவையும் ஒரே ஆள் செஞ்சிருக்கார். ஆனா சினிமாக்காரங்க எழுதுற வரலாற்றுல அவர் 'துணை நடிகர், வசனகர்த்தா'. இலக்கியக்காரங்க எழுதுற வரலாற்றுல அவருக்கு இடமே இல்ல. இருந்தா அதிகபட்சம் ஒரு அடைப்புக்குறி. இந்தப் பதிவு அதைப் பத்தின என் ஆதங்கம்தான். கொஞ்சம் நீளம். காபியோ டீயோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

பேரு வந்த கதை

சீதாராமன்னு அப்பா அம்மா வச்ச பேரு. 'ஜாவர்' எங்கேருந்து வந்தது?

ஆர்.கே.நாராயணன் கதை எழுதின 'மிஸ் மாலினி' (1947) படத்துலயே சீதாராமன் நடிச்சிருக்கார். ஆனா ஜனங்க மனசுல அவர் முகம் பதிஞ்சது 1950-ல. விக்டர் ஹ்யூகோவோட 'லே மிஸராப்ள' நாவலை சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு'ன்னு தமிழ்ல கொடுத்திருந்தார். அதை அதே பேர்லயே பட்சிராஜா ஸ்டூடியோ படமா எடுத்தாங்க. கே.ராம்நாத் டைரக்‌ஷன். கதாநாயகன் சித்தூர் வி.நாகையா. ரொட்டி திருடி ஜெயிலுக்குப் போய், திருந்தி, பெரிய மனுஷனா ஆனவன் அவர். அவரை விடாம துரத்துற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாவர், நம்ம சீதாராமன்.

மூலக்கதை படிச்சவங்களுக்குத் தெரியும், அந்த இன்ஸ்பெக்டர் சாதாரண வில்லன் கிடையாது. லஞ்சம் வாங்காதவன், பொய் சொல்லாதவன். சட்டம்னா சட்டம். ஒருத்தன் திருந்தியிருக்கலாம்ங்கிற எண்ணமே அவனுக்குப் புரியாது. புரியிற அன்னைக்கு அவனால உயிரோட இருக்க முடியல. இந்த மாதிரி ஒரு பாத்திரத்தை கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி நடிச்சிட முடியாது. அவன் பக்கத்து நியாயம் நடிக்கிறவனுக்குப் புரிஞ்சிருக்கணும். சீதாராமனுக்குப் புரிஞ்சிருக்கு. அந்த நடிப்பு ஜனங்களை எந்த அளவுக்குப் பிடிச்சிருந்தா, பாத்திரத்தோட பேரே மனுஷன் பேருக்கு முன்னால ஒட்டிக்கும்! அதுக்கப்புறம் காலத்துக்கும் அவர் ஜாவர் சீதாராமன்தான்.

நம்ம ஊர்ல இது புதுசில்ல. கணேசன் சிவாஜியா ஆனாரு. ஆனா அது கதாநாயகனுக்குக் கிடைச்ச பட்டம், அதுவும் ஒரு மகாராஜா பேரு. நாயகனைத் துரத்துற போலீஸ்காரன் பேரை ஆயுசுக்கும் சுமந்துக்கிட்டுப் போனவர், எனக்குத் தெரிஞ்சு, இவர் ஒருத்தர்தான்.

அப்புறம் 1959-ல 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. அதுல கட்டபொம்மனைத் தூக்குக்கு அனுப்புற வெள்ளைக்கார மேஜர் பானர்மேன் யாரு? ஜாவர் சீதாராமன். எல்லாருக்கும் ஜாக்சன் துரை ஞாபகம் இருக்கும், 'வரி, வட்டி'ன்னு சிவாஜி பொரிஞ்சு தள்ளுற காட்சி அது. ஆனா அந்தக் கடைசி விசாரணையில சிவாஜி சிங்கம் மாதிரி கர்ஜிக்க, எதிர்ல அசையாம நின்னு வாங்கிக்க ஒரு ஆள் வேணுமே. எதிர்ல நிக்கிறவன் சொதப்பினா கர்ஜனையும் சொதப்பல்தான்.

ஆக, பிரெஞ்சுக் கதையில போலீஸ், நம்ம சரித்திரத்துல வெள்ளைக்காரன், சீமையிலிருந்து வந்த கதையில பூதம். மூணுலயும் அவர் நாயகன் கிடையாது. மூணுலயும் அவர் இல்லாம கதையும் கிடையாது. இதைத்தான் நாம 'குணச்சித்திர நடிகர்'னு அழகா பேரு வச்சு ஓரமா உட்கார வச்சிடுறோம்.

சீமையில ஒருத்தர்

இங்க ஒரு ஒப்பீடு சொல்லியே ஆகணும். 'ஜாஸ்' படம் பார்த்திருப்பீங்க. அந்தச் சுறா வேட்டைக்காரக் கிழவன் குவின்ட், ஞாபகம் இருக்கா? அவர் ராபர்ட் ஷா, பிரிட்டிஷ் நடிகர். ஜேம்ஸ் பாண்ட் படத்துல (1963) ரயிலுக்குள்ள பாண்டோட கட்டிப் புரளுற வில்லனும் அவரே. அவர் அஞ்சு நாவல் எழுதியிருக்கார். 1961-ல வந்த ரெண்டாவது நாவலான 'தி சன் டாக்டர்' அடுத்த வருஷமே ஹாதார்ன்டன் பரிசு வாங்கிச்சு. பிரிட்டன்ல ரொம்ப மரியாதையான இலக்கியப் பரிசு அது. 'ஜாஸ்' படத்துல மூழ்கிப்போன கப்பலைப் பத்தி அவர் பேசுற அந்த நீள வசனத்தைச் செதுக்கினதுலயும் அவருக்குப் பங்கு உண்டு.

1978-ல அவர் இறந்தப்போ 'நடிகர், நாவலாசிரியர்'னு ரெண்டையும் சேர்த்துத்தான் எழுதினாங்க. அங்கேயும் இன்னைக்கு அவர் நாவலைத் தேடிப் படிக்கிறவங்க கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா 'சினிமாக்காரன் எழுதினது எப்படி இலக்கியமாகும்'னு பரிசு கொடுக்கும்போது யாரும் கேட்கல பாருங்க. அந்த ஒரு மரியாதை.

இங்க? ஜாவர் சீதாராமனைப் பரிசுக்குப் பரிசீலிக்கிறது இருக்கட்டும், ஒரு விமர்சகர் உட்கார்ந்து அவர் நாவலை நாலு பக்கம் திட்டியிருந்தாக்கூட எனக்கு சந்தோஷமா இருக்கும். திட்டுறதுக்காவது படிக்கணுமில்ல!

கேட்டுக்கிட்டே இருக்கிற ஒருத்தர்

'அந்த நாள்' (1954) பத்தி எழுதாத தமிழ் வலைப்பதிவர் கிடையாது. பாட்டு இல்ல, டான்ஸ் இல்ல, சண்டை இல்ல. இயக்கம் வீணை எஸ்.பாலச்சந்தர். தயாரிப்பு ஏவி.எம். ஜப்பான்காரன் 'ராஷோமான்', இங்கிலீஷ்காரன் 'தி உமன் இன் கொஸ்டின்'னு ரெண்டு பக்கமும் வேர் தேடி எழுதியாச்சு. வந்தப்போ ஓடல, அப்புறம்தான் கொண்டாடினாங்கங்கிறதும் எழுதியாச்சு. நான் அதையே திருப்பி எழுதப் போறதில்ல. ஒரே ஒரு விஷயம் மட்டும்.

1943 அக்டோபர் 11 ராத்திரி சென்னை மேல ஜப்பான் விமானம் குண்டு போட்டது நிஜமா நடந்தது. படம் அதுக்கு மறுநாள் காலையில ஆரம்பிக்குது. எடுத்த எடுப்புல ரேடியோ என்ஜினீயர் ராஜன், அதாவது சிவாஜி கணேசன், சுடப்பட்டு விழறார். நாயகன் முதல் காட்சியிலயே அவுட். அப்புறம் யார் சுட்டதுன்னு விசாரணை. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி பொண்டாட்டி, ஆசைநாயகி, மனைவின்னு ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்றாங்க. ஒவ்வொருத்தர் கதையிலயும் ராஜன் வேற வேற ஆளா தெரியறான்.

இந்தக் கதைகளை எல்லாம் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் யாரு? படத்தோட திரைக்கதை, வசனத்தை எழுதின ஜாவர் சீதாராமன்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு நடிகன் கையில பேனா கிடைச்சா என்ன பண்ணுவான்? தனக்கு ரெண்டு பக்க வசனம் எழுதிக்குவான். கடைசி ரீல்ல மைக் பிடிச்ச மாதிரி ஒரு பிரசங்கம் வச்சுக்குவான். அந்தக் காலத்து சினிமாவுல வசனம்தானே ராஜா! இவர் தனக்கு எழுதிக்கிட்டது என்ன? கேக்கறது. தலையாட்டுறது. 'அப்புறம்?'னு எடுத்துக் கொடுக்கறது. மத்தவங்களுக்கு எல்லாம் ஆளுக்கொரு பேச்சு வழக்கு, ஆளுக்கொரு கோணல், ஆளுக்கொரு பொய். இவருக்கு மட்டும் காது.

என்னைக் கேட்டா அதுதான் ஜாவர் சீதாராமன். காமெரா ஓரத்துல நின்னு நாயகனைப் பார்த்துக்கிட்டே இருந்த ஒரு ஆளாலதான் அப்படி எழுத முடியும். நடுவுல நிக்கிறவன் தன்னைத்தான் பார்ப்பான். ஓரத்துல நிக்கிறவன் எல்லாரையும் பார்ப்பான். எந்த வசனத்துல யார் முகம் மாறுது, எந்த இடத்துல பேச்சை நிறுத்தினா எதிராளி தானா உளறுவான்னு அவனுக்குத் தெரியும். அவர் எழுத்துக்கு மூலதனமே அந்த ஓரம்தான்.

பதிமூணு வருஷம் கழிச்சு 'பட்டணத்தில் பூதம்' எழுதும்போதும் பாருங்க, தனக்கு எடுத்துக்கிட்டது ஒரு வேலைக்காரன் வேஷம். சக்தி எல்லாம் பூதத்துக்கு இருக்கு. ஆனா காதலிக்கிறது, ஜெயிக்கிறது எல்லாம் ஜெய்சங்கர்.

'எல்லாம் தழுவல்தானே?'

இந்தக் கேள்வி வரும்னு தெரியும், அதனால நானே கேட்டுடறேன். ஆமா. 'குழந்தையும் தெய்வமும்' (1965) படத்துக்கு முன்னாடி ஹாலிவுட்ல 'தி பேரன்ட் டிராப்' (1961). அதுக்கு முன்னாடி எரிக் கேஸ்ட்னர்ங்கிற ஜெர்மன்காரர் எழுதின இரட்டைப் பொண்ணுங்க கதை. 'ராமு' (1966) கிஷோர் குமாரோட ஹிந்திப் படத்துலேருந்து வந்தது. 'பட்டணத்தில் பூதம்' படத்துக்கு 'தி பிராஸ் பாட்டில்'. ஒளிச்சு மறைக்க ஒண்ணுமில்ல.

ஆனா தழுவல்னா சும்மா மொழி மாத்துறதுன்னு நினைக்கிறவங்க ஒரு தடவை தழுவிப் பார்க்கணும். பிரிஞ்சுபோன அப்பா அம்மாவை ரெட்டைக் குழந்தைங்க சேர்த்து வைக்கிறது அமெரிக்காவுல ஒரு ஜாலியான விடுமுறைக் கதை. அதே கதை நம்ம ஊருக்கு வரும்போது மாமியார் வரணும், வீட்டோட மாப்பிள்ளைங்கிற மானப் பிரச்சினை வரணும், தெய்வம் வரணும். இல்லேன்னா தமிழ் ஜனங்க 'விவாகரத்து ஆனா ஆளுக்கொரு குழந்தையா பிரிச்சுக்குவாங்களா'ன்னு கேட்டுட்டு எழுந்து போயிடுவாங்க. இந்தத் தமிழ்க் கதை ஹிந்திக்குப் போய் 'தோ கலியான்' (1968) ஆச்சு. எங்கிருந்தோ வந்தது, இங்க உட்கார்ந்து சாப்பிட்டு, நம்ம ஆளா மாறி, அப்புறம் வடக்கே போச்சு. அதைப் பண்ணினது யாரு?

'அந்த நாள்' கதைக்கும் இதேதான். 'ராஷோமான்' பார்த்தா உண்மை என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாது. 'அந்த நாள்' படத்துல தெரியும். தெரியும்போது அது குடும்பச் சண்டையிலயோ காம விவகாரத்துலயோ போய் நிக்காது. நாட்டுக்கு ஒரு மனுஷன் என்ன செஞ்சான்ங்கிறதுல போய் நிக்கும். விடுதலை வாங்கி ஏழு வருஷம்கூட ஆகாத ஜனங்களுக்கு எழுதின கதை அது. அந்த இடம் எந்த மூலத்துலேருந்தும் வரல. (யார் சுட்டதுன்னு இங்க சொல்ல மாட்டேன். எழுபது வருஷம் ஆனாலும் சஸ்பென்ஸ் சஸ்பென்ஸ்தான்.)

அத்தையோட பைண்டிங்

இப்ப நாவல். எங்க அத்தை வீட்டுப் பரண்ல ஒரு தகரப் பெட்டி நிறைய பைண்டிங் புத்தகம் உண்டு. வாரப் பத்திரிகையில வர தொடர்கதையை மட்டும் வாரா வாரம் கிழிச்சு எடுத்து, முடிஞ்சதும் அடுக்கி, ஊசிநூல் போட்டுத் தைச்சு, காலண்டர் அட்டை ஒட்டினது. பாதி ஜோக்கு, கால்வாசி சமையல் குறிப்பு, தலைவலித் தைல விளம்பரம் எல்லாம் கதைக்குப் பின்பக்கம் ஒட்டிக்கிட்டு வரும். என் வயசுக்காரங்களுக்குப் புரியும், நாங்க ஜாவர் சீதாராமனைப் படிச்சது புத்தகமா இல்ல, இந்த மாதிரி கந்தல்லதான்.

குமுதம் 1947-ல ஆரம்பிச்ச பத்திரிகை. எஸ்.ஏ.பி. ஆசிரியர், ரா.கி.ரங்கராஜன், ஜ.ரா.சுந்தரேசன், புனிதன்னு ஒரு கூட்டம். அங்க தொடர்கதை எழுதறது விளையாட்டு இல்ல. உள்ளேயே அவ்வளவு பெரிய ஆளுங்க எழுதிக்கிட்டு இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு சினிமாக்காரர் வந்து ஜெயிக்கணும்னா சும்மாவா?

தலைப்பைப் பாருங்க. 'உடல் பொருள் ஆனந்தி'. உடல் பொருள் ஆவிங்கிற தொடரை எல்லாருக்கும் தெரியும். 'ஆவி' இருக்க வேண்டிய இடத்துல ஒரு பொண்ணு பேரு! தலைப்பு படிச்ச உடனே 'ஆவி எங்கப்பா போச்சு'ன்னு மனசு கேக்கும். அமானுஷ்யக் கதைக்கு இதைவிட ஒரு வாசல் வைக்க முடியுமா? 'மின்னல் மழை மோகினி', 'பணம் பெண் பாசம்'னு மத்த தலைப்பும் அப்படித்தான். மூணு வார்த்தை, மூணு தட்டு. பெட்டிக்கடையில தொங்குற போஸ்டரை சைக்கிள்ல போறவன் திரும்பிப் பார்க்கணும்ங்கிற கணக்கு.

தொடர்கதைக்காரனுக்கு ஒரு சாபம் உண்டு. நாவல் எழுதறவன் முன்னூறு பக்கத்துக்கு ஒரு முடிவு யோசிச்சா போதும். இவன் வாரம் ஒரு முடிவு யோசிக்கணும். ஒவ்வொரு 'தொடரும்' போடுற இடமும் ஒரு இடைவேளை மாதிரி. மேடையிலயும் செட்டுலயும் நின்னவனுக்கு அந்தக் கணக்கு உடம்புலயே இருக்கும். எந்த வாசல் வழியா எந்த ஆள் உள்ளே வரணும், வந்தவன் எந்த வசனத்தோட வெளியே போகணும். அவர் அத்தியாயங்களைப் படிச்சா இதைத்தான் பார்க்கறீங்க. வர்ணனை கம்மி. ஆள் வருவான், பேசுவான், ஒண்ணு தெரியும், இன்னொண்ணு மறையும், போயிடுவான். எங்க அத்தை சொல்லும்: "புதன்கிழமை படிச்சிட்டு வச்சேன்னா சனிக்கிழமை வரைக்கும் சாம்பார்ல உப்பு போட்டேனா இல்லையான்னு தெரியாதுடா."

குறையே இல்லையா? இருக்கு. பேய், பிசாசு, வசியம்னு சில இடத்துல கயிறு ரொம்பவே நீளும். பொண்ணுங்களை எழுதினதுல அந்தக் காலத்து வாசம் தூக்கலா அடிக்கும். வாரா வாரம் இழுத்ததால நடுவுல தொய்வும் தெரியும். மௌனியோட, தி.ஜானகிராமனோட இவரை ஒரே பலகையில உட்கார வைங்கன்னு நான் கேக்கல. உட்கார பலகையே கொடுக்காம இருக்கறதுதான் என் வருத்தம்.

ரெண்டாவது ஆளு

எங்க ஊர் கூரம். காஞ்சிபுரத்துக்குப் பக்கம். சின்ன ஊர்தான், ஆனா பழைய ஊர். ஏழாம் நூற்றாண்டுல பரமேஸ்வரவர்ம பல்லவன் கொடுத்த கூரம் செப்பேட்டுல, கோயில் மண்டபத்துல பாரதம் வாசிக்கிறதுக்கும் ஏற்பாடு பண்ணியிருக்கு. கதை சொல்றவனுக்கும் சோறு போடணும்னு ராஜா எழுதி வச்ச ஊர்.

இந்த ஊருக்குப் பேரு வாங்கிக் கொடுத்தவர் கூரத்தாழ்வான், ராமானுஜரோட சீடர். வைஷ்ணவ குருபரம்பரையில சொல்ற கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ராமானுஜருக்கு ஆபத்துன்னதும் அவரோட காவியைத் தான் கட்டிக்கிட்டு, அவர் இடத்துல அரசவைக்குப் போய் நின்னு, கண்ணை இழந்தவர். ராமானுஜர் ஸ்ரீபாஷ்யம் சொல்லச் சொல்ல எழுதினவரும் இவரே. மனசுக்கு ஒப்பாத இடம் வந்தா எழுத்தாணியை நிறுத்திடுவாராம்.

பக்தி இருக்கறவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க, இல்லாதவங்க வேற மாதிரி. நான் பார்க்கிறது இது: ரெண்டாவது ஆளா நின்ன ஒருத்தருக்கு சந்நிதி வச்சு, ஆயிரம் வருஷமா பேரு சொல்லி வணங்கத் தெரிஞ்ச ஜனங்க நாம. அவர் இல்லாம முதல் ஆள் இல்லைங்கிறது நம்ம ஜனங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

எங்க பக்கத்துத் தறியில போய்ப் பார்த்தாலும் இதேதான். கோர்வைப் புடவைன்னா உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், ரெண்டும் தறியிலயே பின்னிக்கணும். நெசவு பண்றவர் ஒருத்தர் கை போதாது. ஒரு ஓரத்துல இன்னொரு ஆள் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா வீசணும். புடவை கட்டினவங்களை 'அடடா கரை!'ன்னுதான் முதல்ல சொல்றோம். வீசின கையை யாரும் கேட்கறதில்ல. ஆனா அந்த ஆள் ஒரு நாள் வரலேன்னா தறி நிக்கும்.

சினிமாவுல ஜாவர் சீதாராமன் அந்த ஓரத்து ஆள். அங்கே உட்கார்ந்துக்கிட்டே நெசவையும் கத்துக்கிட்டு, தனியா ஒரு தறி போட்டு அஞ்சு புடவை நெய்ஞ்சும் காட்டினவர்.

திசை மாறினா மரியாதை மாறுமா?

கடைசியா ஒண்ணு. எழுத்தாளர்கள் நடிக்கப் போனா நாம எப்படிக் கொண்டாடறோம்! 'குற்றப்பரம்பரை' எழுதின வேல ராமமூர்த்தி 'மதயானைக் கூட்டம்' (2013) படத்துல வந்து மிரட்டினப்போ கைதட்டினோம். 'கொரில்லா' எழுதின ஷோபாசக்தி நாயகனா நடிச்ச பிரெஞ்சுப் படம் 'தீபன்' 2015-ல கான் விழாவுல தங்கப்பனை வாங்கினப்போ 'நம்ம ஆளு'ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டோம். தப்பே இல்ல, தூக்கவேண்டியதுதான்.

எதிர்த் திசையில ஒருத்தர் வந்தா? 'பாரதி' (2000) படத்துல பாரதியாரோட அப்பாவா வந்த பாரதி மணி, எழுபது வயசு வாக்குல கட்டுரை எழுத ஆரம்பிச்சார். 'பல நேரங்களில் பல மனிதர்கள்' படிச்சு நாம எல்லாம் சொக்கிப் போனோம். அவருக்காவது வாசிக்க நாம இருந்தோம். 2021-ல அவர் போனப்போ நினைச்சு எழுதவும் ஆள் இருந்தாங்க. ஜாவர் சீதாராமன் காலத்துல அதுக்கு இடம் இல்ல. சிறுபத்திரிகைக்காரங்களுக்கு அவர் குமுதம் ஆள். குமுதம் வாசகர்களுக்கு அவர் இந்த வாரத்து ஆள், அடுத்த தொடர் ஆரம்பிச்சா மறந்திடலாம். சினிமாவுக்கு அவர் டைட்டில் கார்டுல வேகமா ஓடுற ஒரு வரி. மூணு வீட்டுக்கும் சொந்தக்காரர், ஒரு வீட்டுலயும் இலை போடல.

எழுத்தாளன் நடிச்சா 'பன்முகத் திறமை', நடிகன் எழுதினா 'பொழுதுபோக்கு'. இந்தக் கணக்கு எனக்குப் புரியல. ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனா துணிச்சல், திரும்பி வந்தா அத்துமீறலா? புத்தகத்தைத் திறந்து பார்த்துட்டு நல்லா இல்லேன்னு சொல்லுங்க, ஏத்துக்கறேன். அட்டையைப் பார்த்துட்டு சொல்லாதீங்க.

நான் ஒரு நூலகத்துல 'மின்னல் மழை மோகினி' இருக்கான்னு கேட்டப்போ அங்க இருந்தவர் சினிமா பாட்டுப் புத்தகம் இருக்கற அலமாரியைக் கை காட்டினார். அவர் மேல எனக்குக் கோபமில்ல. எந்த அலமாரியில வைக்கணும்னு நாம யாரும் அவருக்குச் சொல்லித் தரல, அவ்வளவுதான்.

அதனால மக்களே, ஒரு வேண்டுகோள். 'அந்த நாள்' படத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க, இந்தத் தடவை சிவாஜியை விட்டுட்டு அந்த சி.ஐ.டி. அதிகாரியை மட்டும் கவனிங்க. அப்புறம் உங்க வீட்டுப் பரண்ல, ஊர்ல இருக்கற அத்தை, சித்தி, தாத்தா பெட்டியில அட்டை போன பைண்டிங் எதாவது இருக்கான்னு தேடுங்க. கரையான் முந்திக்கறதுக்கு முன்னாடி. ஜாவர் சீதாராமன் கிடைச்சா படிச்சிட்டு நாலு வரி எழுதுங்க. பிடிக்கலேன்னா அதையும் எழுதுங்க.

டிஸ்கி: 'நீ ஒரு நாவலைக்கூட முழுசா கதை சொல்லலையே'ன்னு கேக்கறவங்களுக்கு: சஸ்பென்ஸ் எழுதின மனுஷனுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அதுதான். 'உடல் பொருள் ஆனந்தி'யிலேருந்து ஆரம்பிங்க. ராத்திரி தனியா படிக்காதீங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க :-)